வேடமும் தப்பும்: பாத்திர நெகிழ்ச்சி பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

உலகின் பல பாகங்களிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் இணையவழியே ஒரே வேளையிற் கூடி, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகள் இன்று ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டன. இவற்றைப் பற்றி எழுதுவோர் விதந்து கூறும் இயல்புகளுள் ஒன்று பாத்திர நெகிழ்ச்சியாகும். முன்னர் வீரனாகத் தொடங்கியவர் இறுதிவரை வீரனாகவே ஆடவேண்டியிருந்தது. இப்பொழுது ஒருவரே வேண்டியபோது வேண்டியவாறு மாறிக்கொள்ளலாம். இது ஆடுவோருக்குக் கிடைத்த விடுதலை என்பது அவர்களது கூற்றின் சாரம். பாத்திரமேற்றலை நேர்த்தியாகவும் வழிபாடாகவும் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்துள்ள ஒரு மக்கட் கூட்டத்தினரின் ஆடுகளத்தில் நின்று இக்கூற்றைப் பரிசீலிப்பதே எமது நோக்கம். திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் அமையும் காமன் பொட்டலே அக்களம்.

கூத்தையும் கணினி விளையாட்டையும் ஒருசேர வைத்து நோக்குவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஒன்று தெய்வத்தின் பேரால் நிகழ்வது. மற்றையது கொம்பனிகளின் இலாபத்துக்காக இயற்றப்படுவது. ஆயினும் பேராசிரியர் க. கைலாசபதி 1969இல் ‘ஒப்பியல் இலக்கியம்’ என்ற நூலை வெளியிட்ட காலந்தொட்டு, ஒப்பீடு என்பது ஒத்தவற்றை அடுக்கி மகிழ்வதன்று, ஒன்றன் துணையால் மற்றையதன் சமூக அடித்தளத்தைத் துலக்குவதே என்பதை எமது பல்கலைக்கழகச் சூழலில் பலரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். இவ்விரண்டிலும் ஆள் வேறு, அவர் ஏற்கும் உரு வேறு என்பது அடிப்படை. யார் எதனை ஏற்கலாம், யார் ஏற்கலாகாது என்ற வினாவும் இரண்டுக்கும் பொதுவானது.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ‘பாத்திரம்’ என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தி வருகிறோம். நாடகத்தில் வரும் ஆளும் பாத்திரம், அவ்வாள் ஆற்றும் பங்கும் பாத்திரம். சமையற்கட்டில் இருப்பதும் அதுவே. கூத்தாடும் மக்கள் இத்துணைக் குழப்பத்துக்கு இடம்வைக்கவில்லை. அவர்கள் ‘வேடங் கட்டுதல்’ என்பர். கட்டுவது எதுவோ அதனை அவிழ்க்கவும் முடியும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. இக்கட்டுரையில் ஆள், வேடம், தொழில் என்ற மூன்றையும் வேறுவேறாகக் கொள்வோம். விளையாடுபவரோ ஆடுபவரோ ஆள். அவர் ஏற்கும் உரு வேடம். அவ்வுரு குழுவினுட் செய்து முடிக்கவேண்டிய வேலை தொழில். ஆளை வேடத்தோடு பிணைக்கும் முடிச்சு ஒன்று. வேடத்தைத் தொழிலோடு பிணைக்கும் முடிச்சு இன்னொன்று. நெகிழ்ச்சி என்று பேசுவோர் இவ்விரு முடிச்சுகளுள் எது தளர்ந்தது என்று கூறுவதில்லை.

இணையவழி விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் இரண்டாவது முடிச்சின் வரலாறே. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என மூவகை வேடங்களை வகுத்தது. ஒவ்வொரு வேடத்துக்கும் ஒவ்வொரு தொழில். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர் உருவாக்கத் தொடங்கிய ‘மட்’ என்ற எழுத்துவழி விளையாட்டு, ஒரே கற்பனையுலகிற் பலர் கணினி மூலம் உலவும் வழியைத் திறந்தது. 1997இல் வந்த ‘அல்டிமா ஒன்லைன்’ வகுப்புப் பிரிவினையே வைக்கவில்லை. எவரும் எத்திறனையும் பழகலாம், மொத்தத்துக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. ஆனால் 1999இல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ மீண்டும் வேடத்தைத் தொழிலோடு இறுகப் பிணைத்தது. அங்கே பெரும்பாலான ஆட்டக்காரர் தனித்து நின்று எதனையும் சாதிக்க இயலாது. பகைவனின் அடியைத் தன்மேல் வாங்கித் தாங்குபவர், காயத்தை ஆற்றுபவர், பகைவனைத் தாக்கி வீழ்த்துபவர் ஆகியோர் கூடினாலன்றிக் காரியம் நடவாது. வேறு தொழிலைச் செய்ய விரும்புபவர் தம் வேடத்தைக் கைவிட்டு, அடியிலிருந்து இன்னொரு வேடத்தை வளர்த்தெடுக்க வேண்டியவரானார்.

2004இல் வந்து இத்துறையின் பெருஞ்சந்தையைக் கைப்பற்றிய ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’டும் இம்மூவகைத் தொழிற் பிரிவினையையே மேற்கொண்டது. தளர்ச்சி அங்கு படிப்படியாக வந்தது. 2009இல் ஒரே வேடத்துக்கு இரண்டு திறன் அமைப்புகளை வைத்துக்கொண்டு மாறிமாறி ஆடும் வசதி தரப்பட்டது. தொடக்கத்தில் இவ்வசதியை விளையாட்டினுள்ளேயே 1000 பொற்காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில், ஒருவரையொருவர் அறியாதவர்களைப் பொறிமுறையாகக் குழுச்சேர்க்கும் ஏற்பாடு வந்தது. தாங்குபவரா, ஆற்றுபவரா, தாக்குபவரா என்று கேட்டுப் பதிந்துகொண்டே அது வரிசையில் நிறுத்தும். தாக்குவோர் மலிந்தனர், மற்றையோர் அருகினர், வரிசை நீண்டது. 2011இல் எத்தொழிலுக்கு ஆட்பற்றாக்குறை நிலவுகிறதோ அத்தொழிலை ஏற்போருக்கு மேலதிக வெகுமதி வழங்கப்படலாயிற்று.

இவ்விடத்திற் சற்றே தரித்து நிற்றல் தகும். ஆட்பற்றாக்குறை, வரிசை, ஊக்கப் பரிசு என்பன கலையுலகச் சொற்களல்ல, வேலைத்தலச் சொற்கள். கொழுந்து மிகுந்த நாளில் ஞாயிற்றுக்கிழமையிலும் மலையேறச் செய்யத் தோட்டத்தில் கொடுக்கப்படும் கைக்காசு இதனையொத்தது. ஆடுபவருக்கு வேடம் மாறும் உரிமை வழங்கப்பட்டமைக்கு அவரது உள்ள விரிவு பற்றிய அக்கறையைக் காட்டிலும், காத்திருக்கும் வாடிக்கையாளர் சலித்து வெளியேறிவிடக்கூடாது என்ற அக்கறையே பெரிதும் காரணம் என்று கொள்வதில் தவறில்லை. 2013இற் புதுக்கி வெளியிடப்பட்ட ‘ஃபைனல் ஃபண்டசி 14’ இம்முடிச்சை ஏறத்தாழ முற்றாகவே அவிழ்த்துவிட்டது. அதில் ஒரே வேடம் கையிலுள்ள ஆயுதத்தை மாற்றியவுடன் தொழிலையும் மாற்றிக்கொள்ளும். 2012இல் வந்த ‘கில்ட் வோர்ஸ் 2’ இன்னும் ஒருபடி சென்று, ஆற்றுபவர் என்ற தனித் தொழிலையே ஒழிக்க முற்பட்டது. அவரவர் காயத்தை அவரவரே ஆற்றிக்கொள்க என்றது. ஆனால் 2015இல் அதன் விரிவாக்கம் வெளியாகிக் கடினமான கூட்டுப் போர்கள் புகுத்தப்பட்டபோது, ஆற்றுபவர் மீண்டும் வந்து சேர்ந்தார். குழுவின் வேலைக்குத் தேவையான தொழிலை விதியால் ஒழித்துவிட முடியாது; யார் தலையில் அது விழும் என்பதை மட்டுமே விதி மாற்றும்.

இவ்விளையாட்டுகளுக்குள் வேடமே கூலித்தொழிலாகிப்போனவர்களும் இருந்தனர் என்பதை முற்போக்கு வாசகர் மறத்தலாகாது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சீனாவில் இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்தி, 12 மணி நேர முறைவேலையாக விளையாட்டினுள் பொற்காசு திரட்டச் செய்து, அதனைச் செல்வ நாடுகளின் விளையாட்டாளருக்கு விற்கும் பட்டறைகள் பெருகியிருந்தன. 2007இல் ஜூலியன் டிபெல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இதனைப் பரவலாக அறியச் செய்தது. ஒரே மலை, ஒரே அரக்கன், ஒரே வாள். ஒருவருக்குப் பொழுதுபோக்கு, அடுத்தவருக்கு நாட்கூலி.

நெகிழ்ச்சி என்ற சொல் திம்புள்ளையிலும் இப்பொழுது கேட்கிறது. தோட்டத்தில் ஆளும் தொழிலும் நெடுங்காலமாக இறுகப் பிணைந்திருந்தன. கொழுந்து பறித்தல் பெண்களுக்கு. கவ்வாத்து வெட்டுதலும் கான் வெட்டுதலும் ஆண்களுக்கு. கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்த்து நிற்கும் கங்காணி பெரும்பாலும் ஆண். சம்பளத்தில் ஆண் பெண் வேறுபாடு ஒழிந்ததே 1984இற்றான். குறித்த அளவு கொழுந்து நிறுக்கப்படாவிடின் அரைப்பேர். இவ்விறுக்கத்தைத் தளர்த்துவதாகக் கூறி அண்மைக் காலத்தில் முன்வைக்கப்படுவதே அவுட்குரோவர் முறை. தோட்டத் துண்டொன்றைத் தொழிலாளர் குடும்பமொன்றின் பொறுப்பில் விட்டு, கொழுந்தைக் கொம்பனி வாங்கிக்கொள்ளும். தொழிலாளி இனிக் கூலியாளல்லர், கொழுந்து வழங்குநர். வேடம் மாறிவிட்டது, முதுகிற் கொழுந்து சுமக்கும் தொழில் மாறவில்லை. வழங்குநருக்கு ஊழியர் சேமலாப நிதி ஏது, நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஏது என்று தொழிற்சங்கங்கள் எழுப்பும் வினா நியாயமானது. விளையாட்டில் தொழில் நெகிழ்ந்து வேடம் நிலைத்தது. இங்கே வேடம் நெகிழ்ந்து தொழில் நிலைக்கிறது. இரண்டிலும் முடிச்சை அவிழ்ப்பவர் ஆடுபவரல்லர்.

இப்பின்னணியிலேயே காமன் பொட்டலுக்கு வருகிறோம். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, பத்தனை எனப் பரந்து கிடக்கும் திம்புள்ளப் பகுதியில் தை, மாசி மாதங்கள் வறண்ட காற்று வீசுங் காலம். கொழுந்து குறையும், ஆனால் உலகச் சந்தையில் திம்புள்ளத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் தரமான கொழுந்து இக்காலத்ததே. பகல் வெயிலும் இரவுப் பனியும் கடுமையான இம்மாதங்களில், மாசி அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறை தோன்றும் நாளிற் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடக்கம் பௌர்ணமியை அண்டிய நாள்வரை ரதியும் மன்மதனும் ஆடுவர். அவர்களின் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்குமாறு மன்மதனை அழைக்க வரும் தூதன், போகவேண்டாம் எனத் தடுக்கும் ரதிக்கும் போயே தீருவேன் என்னும் மன்மதனுக்கும் இடையிலான தருக்கம், நெற்றிக்கண் திறத்தல், காமன் தகனம், ரதி புலம்பல், பின்னர் காமன் உயிர்பெறல் எனக் கதை செல்லும். தட்சன், வீரபத்திரன், யமன், குறவன், குறத்தி முதலியோரும் இடையிடையே வருவர். விபரங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். இக்கலையை எழுத்திற் பதிவுசெய்வதில் மாத்தளை வடிவேலனின் உழைப்பு குறிப்பிடத்தக்கது.

இக்கூத்தில் ஆடுவோர் தொழில்முறைக் கலைஞரல்லர். மாஸ்டர் என்றும் வாத்தியார் என்றும் அழைக்கப்படுபவரிடம் அடவும் பாட்டும் பழகி, காப்புக் கட்டி விரதமிருந்து, லயத்து இளைஞரே வேடங் கட்டுவர். பிணி நீங்கியமைக்கு நன்றியாகவோ, பிள்ளைப்பேறு வேண்டியோ நேர்ந்துகொண்டு வேடமேற்பது வழக்கு. எனவே ஆளுக்கும் வேடத்துக்கும் இடையிலுள்ள முடிச்சு இங்கே விரதக் காலத்துக்கு மட்டும் இறுகி, அது முடிந்ததும் அவிழ்வது. ஓராண்டு தூதனாக வந்தவர் பின்னொரு ஆண்டில் மன்மதனாகலாம். அவர் ஓய்ந்தபின் இன்னொருவர் அதனை ஏற்பார். வேடம் எவருடைய சொத்துமன்று. ஈழத்தின் வேறு கூத்து மரபுகளிலும் இதனையொத்த நிலையைக் காணலாம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளில் ஒரே அரச வேடத்தை இரவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு ஆட்டக்காரர் ஏற்பர். பார்ப்போர் இதனால் மயங்குவதில்லை. ஆயின் வேடத்துக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள முடிச்சு மிக உறுதியானது. மன்மதன் எரிந்தே ஆகவேண்டும். ரதி புலம்பியே ஆகவேண்டும். எவ்வளவு திறமையுடையவர் மன்மதனாக வந்தாலும் சிவனை வென்றுவிட முடியாது.

அங்ஙனமாயின் கதை முற்றாக மூடுண்டதா? அதுவுமில்லை. தொழிலாளர் புறப்பட்டு வந்த ஊர்களுட் சிலவற்றை உள்ளடக்கிய தஞ்சைப் பகுதியில், காமன் பண்டிகையின்போது லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதிடுவர். கதையின் முடிவு மாறாது. அம்முடிவின் பொருள் வாதுக்குரியது. இணைய விளையாட்டுகளில் இத்தகைய வாது அரிது. அங்கே அரக்கன் வீழ்ந்தால் வீழ்ந்ததுதான். பொறி கணக்கிட்டுச் சொல்லிவிடும்.

இவற்றைக் கண்ட விமரிசகர் சிலர் காமன் கூத்தைச் சமத்துவக் கலையின் முன்மாதிரியாகக் கொண்டாடுவதுண்டு. பகலிற் பெரட்டில் நின்று பேர் சொல்லக் காத்திருந்தவன் இரவிற் சிவனாகிறான் என்பது அவர்கள் விரும்பிக் காட்டும் படிமம். இப்படிமத்தில் உண்மை இல்லாமலில்லை. தலவாக்கலைத் தொகுதி மக்கள் 1947இல் தம் பிரதிநிதியாகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலாரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. குடிமகன் என்ற வேடத்தையே அரசு உரித்தெடுத்த ஆண்டுகளிலும் பொட்டலில் இந்திரனும் யமனும் வந்து ஆடினர் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும் இப்படிமத்தோடு நின்றுவிடுவது விமரிசனமாகாது. யார் சிவனானார் என்று கேட்டவர்கள், யார் எதுவும் ஆகவில்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

முதலில் ரதி. ரதி வேடத்தை ஆண்களே கட்டுவது நெடுங்கால மரபு. ஆண் பெண்ணாவதால் பால் வேறுபாடு நெகிழ்கிறது என்று இதற்கு விளக்கங் கூறுவோர் உளர். இதனை நோக்குவதற்கு இணைய விளையாட்டு ஆய்வொன்று எதிர்பாராத துணையாகிறது. நிக் யீ என்னும் ஆய்வாளரும் அவரது சகாக்களும் ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’ ஆடுவோரின் நடத்தையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், ஆண்கள் பெண் வேடத்தை ஏற்கும்போது, ஆண் வேடத்தில் ஆடும் நேரங்களைக் காட்டிலும் மிகுதியாகக் காயமாற்றும் தொழிலில் ஈடுபடுகின்றனர் என்று காட்டினர். காயமாற்றும் திறன் பெண் வேடத்துக்கென விசேடமாக அமைக்கப்பட்டதன்று. விதி அனைவருக்கும் ஒன்றே. அப்படியிருந்தும் வேடத்தை மாட்டியவர், பெண்ணென்றால் இப்படித்தான் என்று தம் மனத்தில் ஏற்கெனவே இருந்த உருவத்தையே நடித்துக்காட்டினார். வேடத்தின் நெகிழ்ச்சி மனப்பதிவை நெகிழ்த்தவில்லை. அதற்கு மேலும் ஒரு சாட்சியைத் தேடிக்கொடுத்தது.

ரதியின் நிலை இதனினும் சிக்கலானது. தகனத்தின் பின் வரும் புலம்பல் ஒப்பாரியின் நடையைத் தழுவியது. ஒப்பாரி பெண்களின் ஆக்கம். லயத்து வாசலில் மாரடித்து அழும் பெண், தாலி இழந்தவளின் நிலையையும் பிறந்த வீட்டாரின் பாராமுகத்தையும், சிலவேளை துரையையும் கங்காணியையும் பற்றிய முறைப்பாட்டையும், அழுகையின் மறைவிற் சொல்லிவிடுவாள். அவ்வடிவம் ரதியின் வாய்க்கு வரும்போது அவ்வாய் ஓர் இளைஞனுடையதாகிறது. ஆக்கியோள் பொட்டலின் ஓரத்திற் பார்வையாளராக நிற்கிறாள். நல்ல ஆட்டக்காரன் ரதியாக வந்து புலம்பினால் ஓரத்தில் நிற்கும் பெண்களும் விம்முவர் என்பதை அவனது வெற்றிக்குச் சான்றாகக் கூறுவர். அது அப்பெண்களின் அழுகை எவ்வளவு நேர்த்தியாக இரவல் பெறப்பட்டது என்பதற்கும் சான்றாகும். பெண் இங்கே தன் வேடத்தைத் தானே கட்ட உரிமையற்றவள். பெண் கதாநாயகி நடுவில் ஆடும் ஒரு கூத்தில் வேடங்கள் அனைத்தும் ஆண்களுக்குள்ளேயே கைமாறும்போது, அக்கைமாற்றத்தை நெகிழ்ச்சி என்று வாளா கூறிச் செல்வது பொருந்தாது.

அடுத்தது தப்பு. எமது நோக்கில் இதுவே முதன்மையானது. காமன் கூத்து தப்பின்றி நடவாது. தூதன் வருகைக்கு ஓர் அடி, வீரபத்திரனுக்கு ஓர் அடி, யமனுக்கு ஓர் அடி. தெய்வம் ஆட்டக்காரன்மேல் இறங்குவதும் தப்பின் கதி ஏறும்போதுதான். அதே தப்பு சாவு வீட்டிலும் ஒலிக்கும். அதே தப்பு முற்காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பவும் அடிக்கப்பட்டது. சிவனையும் கூலியையும் பிணத்தையும் அழைக்கும் குரல் ஒன்றாகவே இருந்தமை தோட்ட வாழ்வின் அமைப்பைப் பற்றி நூல்களிலும் கூடுதலாகப் பேசுகிறது.

ஆனால் வேடப் பட்டியலில் தப்படிப்பவர் இல்லை. அவர் வேடங் கட்டுவதில்லை. சாதியமைப்பு தப்படித்தலைப் பறையர் எனப்பட்ட சமூகத்தினரின் கடமையாக விதித்தது. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தோருட் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினரே. கூலியிலும் லயத்திலும் எல்லாரையும் ஓரளவு சமமாக நசுக்கிய தோட்ட முறை சாதியைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தோர் பலர். ஒட்வார் ஹொலப் 1994இல் வெளியிட்ட ஆய்வு நூல், சாதி வலுக் குன்றியிருந்தாலும் திருமணத்திலும் சடங்கிலும் தொடர்ந்து உயிர்த்திருந்ததைக் காட்டியது. தப்பு அத்தகைய சடங்குக் கடமைகளுள் ஒன்று. ஆக, ஒரே பொட்டலில் இருவகை மனிதர் நிற்கின்றனர். ஒரு சாராருக்கு வேடம் நேர்த்தி. விரதம் முடிந்ததும் அவிழ்வது. மற்றொரு சாராருக்குத் தொழில் பிறப்பு, அவிழாதது. முதலாமவரின் நெகிழ்ச்சி இரண்டாமவரின் இறுக்கத்தின் மேல் நின்றே ஆடுகிறது. தப்படிப்பவர் ஒரு மாசியில், இம்முறை நான் மன்மதன், நீ தப்பெடு என்று கூறி, அது இயல்பாக ஏற்றுக்கொள்ளப்படும் தோட்டத்திலேதான் பாத்திர நெகிழ்ச்சி பற்றிப் பேச்செடுக்கலாம்.

இதற்கு எதிராக, தப்பு இன்று இழிவின் சின்னமன்று, எழுச்சியின் சின்னம் எனலாம். அதனை நாம் மறுக்கவில்லை. தமிழகத்தில் திண்டுக்கல்லைத் தளமாகக் கொண்ட சக்திக் கலைக்குழு, ஒடுக்கப்பட்ட சமூகத்து இளம்பெண்களின் கையிற் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. சாவுக்கு ஆண் அடிப்பது என்றிருந்த தொழிலை, பெண் தன் விருப்பின்பேரில் ஏற்றபோது ஆளுக்கும் தொழிலுக்கும் இடையிலான முடிச்சு மெய்யாகவே அவிழ்ந்தது. சாவு வீட்டுக்கு இனி அடிக்கமாட்டோம் என்று மறுத்த ஆண்களும் அதே முடிச்சைத்தான் மற்றொரு முனையில் அறுத்தனர். விட்டுவிடும் உரிமையும் எடுத்துக்கொள்ளும் உரிமையும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள். ஆனால் மேடையிற் பறையடிக்கும் பட்டதாரி கைதட்டல் பெறுவதும், அதே மாதத்தில் லயத்துச் சாவுக்கு அடிக்காவிட்டால் தப்படிப்பவர் ஏச்சு வாங்குவதும் ஒருங்கே நிகழக்கூடியவை. பல்கலைக்கழகக் கலைவிழாக்களில் தப்பை அரங்கேற்றும் எம்மனோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடாதிருத்தல் வேண்டும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்து மரபை நவீன அரங்குக்கேற்பச் சீர்செய்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியமை எமது பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். பல்கலைக்கழக மாணவர் ஆடியதால் கூத்தாடுதல் தாழ்ந்த செயல் என்ற எண்ணம் பெரிதும் அகன்றது. மலையகக் கூத்துகளுக்கு அத்தகைய பேராதரவு அக்காலத்திற் கிடைக்கவில்லை என்பது எமது மனக்குறை. அது இனிக் கிடைக்குமாயின், நேரக்கட்டுப்பாட்டுக்கு அமைய இரவுகளை இரண்டு மணித்தியாலமாகச் சுருக்குவதிலும், ஒப்பனையை மெருகூட்டுவதிலும் அக்கறை செலுத்துவதற்கு முன்பு, வேடப் பங்கீட்டைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். ரதியாக ஒரு பெண் வருவதை மரபு மீறல் என்று அஞ்சவேண்டியதில்லை. புலம்பல் அவளிடமிருந்து பெறப்பட்டதே.

இன்று கைத்தொலைபேசியில் தம் விருப்புக்கேற்ற உருவைத் தெரிந்தெடுத்து ஆடும் மலையக இளைஞருக்குக் காமன் பொட்டல் பழைமையானதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. திரையில் அவர் யாராகவும் ஆகலாம். அவரது சாதியையும் தோட்டத்தையும் எவரும் கேட்பதில்லை. இந்த அநாமதேயம் பொட்டலால் தரமுடியாத ஒன்று. அதனை இகழ்வது எளிது, ஆயின் நியாயமன்று. ஆனால் திரையின் விதியை அவர் எழுதுவதில்லை; ஏற்கெனவே எழுதப்பட்ட பட்டியலிலிருந்து தெரிவுசெய்கிறார். பொட்டலின் விதியையோ அவரது தோட்டத்துப் பெரியவர்களும் வாத்தியாரும் கூடி முடிவு செய்கின்றனர். கூட்டத்தில் எழுந்து நின்று அதனை மாற்றும்படி கேட்கலாம். கேட்டவர்களும் கேட்டுத் தோற்றவர்களும் இருந்திருப்பர். அவர்களைப் பற்றிய பதிவு எம்மிடம் மிகக் குறைவு.

ஆகவே களஆய்வில் ஈடுபடும் மாணவர், குறிப்பாகப் பத்தனை ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரியிற் பயில்வோரும் பேராதனையின் தமிழ்த்துறை மாணவரும், பாடல்களையும் ஒப்பனைப் படங்களையும் திரட்டுவதோடு அமையாது, ஒவ்வொரு பொட்டலிலும் எந்த ஆண்டில் யார் எந்த வேடங் கட்டினார், அவருக்கு அது எவ்வாறு வந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பனவற்றையும் கேட்டு எழுதுதல் வேண்டும். தப்படித்தோர் யார், அவர்தம் தந்தையர் யார், அவருள் எவரேனும் வேடங் கட்டியதுண்டா, தப்பை விட்டவர் எந்தக் காரணத்தால் விட்டார், அவருக்குப் பின் அதனை எடுத்தவர் யார் என்பனவும் அதே தாளில், ஆட்டக்காரரின் பெயர்களுக்குக் கீழே அன்றிப் பக்கத்திலே, எழுதப்படல் வேண்டும்.